சீட்டு இல்லாத நோயாளி

2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு 22 என எண் மாறியதே தவிர, சாரம் மாறவில்லை. 1860 முதல் நின்று நிலைத்த பிரிவு, அதில் கைவைக்க எதுவுமில்லை என்கிறார்கள். நான் உடன்படவில்லை.

தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத மனநிலையில் இருந்தவரைத் தண்டிக்கக் கூடாது என்ற அதன் அடிப்படை நியாயமானது. நோய் இருந்தாலே விடுதலை என்றில்லாமல், சம்பவ நேரத்து மனநிலையைக் கேட்பதால் நடிப்பவர்கள் எளிதில் தப்ப முடியாது. ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என 1964-இல் தாஹ்யாபாய் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுமையையும் குறைத்தது.

ஆனால் அந்தச் சுமை யார் தலையில்? சாட்சியச் சட்டத்தின் பழைய 105-வது பிரிவும் சரி, புதிய 108-வது பிரிவும் சரி, குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே வைக்கின்றன. அவரோ புத்தி பேதலித்துச் சிறையில் இருக்கிறார். அலைவது குடும்பம். சாகுபுரம், ஆறுமுகநேரி போன்ற கடலோர ஊர்களில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகிற குடும்பங்கள் உண்டு. மந்திரித்த கயிறு, தர்கா விளக்கின் எண்ணெய், மாதக்கணக்கான காத்திருப்பு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்தவர்கள் தப்ப வழியின்றி, 28 பேர் மாண்டார்கள். அவர்களைப் போன்றவர்களின் கணுக்காலில் தழும்பு இருக்கும். கோர்ட்டோ ஓ.பி. சீட்டையும் மருந்துச் சீட்டையும் டாக்டரின் சாட்சியத்தையும் தேடுகிறது. தாயின் வாய்மொழி, பெற்ற பாசம் என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

முன்பே மனநோய் இருந்தது விசாரணையில் தெரிந்தால், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது காவல் அதிகாரியின் கடமை; தவறினால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்று 2007-இல் பாபு எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. தண்டனை, சாட்சியம், குற்றவியல் நடைமுறை ஆகிய மூன்று சட்டங்களையும் புதிதாக எழுதியவர்கள் அந்தக் கடமையை ஒரு பிரிவாக்கியிருக்கலாம். செய்யவில்லை. கைதானவருக்குக் காயம் உண்டா என்று பார்க்கும் பரிசோதனையில் மனதுக்கு இடமே இல்லை. வழக்கு விசாரணைக்கு வரும்போது சம்பவ நாளின் மனநிலையை எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கைதான சில நாட்களுக்குள் மனநல மருத்துவர் பரிசோதனை கட்டாயம், அதைச் செய்யாத பழி அரசுத் தரப்புக்கு என்று எழுதுங்கள். அதுவரை 22-வது பிரிவு, மருத்துவக் கோப்பு வைத்திருக்கும் வசதியுள்ள நோயாளிக்கு மட்டுமே பாதுகாப்பு.