ஏழு கம்பித் திருப்பம்

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். பாவில் ஓர் இழை அறுந்தாலும் சட்டென்று கண்டுபிடித்துப் பிணைத்துவிடும் கண்கள் இங்கே ஏராளம். பழைய டெஸ்க்டாப் ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளே கிடக்கும் ரிப்பன் கேபிளை அந்தக் கண்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. சாம்பல் நிறத்தில், விரித்த பாவு மாதிரி, கம்பியை ஒட்டிக் கம்பியாகப் படுத்திருக்கும். ஓரத்துக் கம்பி ஒன்றுக்கு மட்டும் சிவப்புக் கோடு.

சிவப்பு இருக்கும் பக்கம்தான் ஒன்றாம் பின். மதர்போர்டில் சாக்கெட் ஓரமாகப் பொடி எழுத்தில் ‘1’ என்றோ சின்ன முக்கோணமாகவோ அச்சிட்டிருப்பார்கள். சிவப்பு அங்கே போக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் பவர் ஒயர் சொருகும் பக்கம் பார்த்து நிற்கும். கனெக்டரில் புடைப்பு இல்லாத பழைய கேபிள்களுக்கு இந்தச் சிவப்புதான் ஒரே துணை.

என்னை மிகவும் மயக்குவது ஃப்ளாப்பி கேபிள். மொத்தம் 34 கம்பி. நடுக் கனெக்டருக்கும் கடைசிக் கனெக்டருக்கும் இடையில் ஏழு கம்பிகளை மட்டும் கீறிப் பிரித்து, ஒரு புரட்டுப் புரட்டி மாட்டியிருப்பார்கள். பார்த்தால் ஏதோ பிசகு போலத் தெரியும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் ஏற்பாடு அது. எல்லா டிரைவையும் ‘இரண்டாவது’ என்றே ஜம்பர் வைத்து விட்டு, எது ஏ, எது பி என்பதைக் கேபிளே தீர்மானிக்கும்படி செய்தார்கள். 10-ஆம் கம்பி முதல் டிரைவின் மோட்டாருக்கு, 16 இரண்டாவதன் மோட்டாருக்கு. 12 இரண்டாவது டிரைவைக் கூப்பிடும், 14 முதலாவதை. பத்திலிருந்து பதினாறு வரை மொத்தமாகப் புரட்டினால் பத்தும் பதினாறும் இடம் மாறும். பன்னிரண்டும் பதினான்கும் இடம் மாறும். நடுநடுவே வரும் 11, 13, 15 மூன்றும் கிரவுண்டு என்பதால் மாறினாலும் ஒன்றும் கெடாது. 13 இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு பொருள்கூடக் கூடுதலாகச் சேர்க்காமல், ஒரே திருப்பத்தில் காரியம் முடிந்தது! திருப்பத்துக்கு அப்பால் இருப்பது ஏ, இப்பால் பி. கேபிளைத் தலைகீழாக மாட்டிவிட்டால் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பழகிய மெக்கானிக் அதைப் பார்த்ததுமே கேபிளைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிடுவார்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் ஐடிஇ கேபிளில் 40 கம்பி. நொடிக்கு 66 எம்பி வேகம் வந்தபோது பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் சிக்னல் ஒன்றில் ஒன்று கலந்தது. அதனால் ஒவ்வொரு கம்பிக்கும் நடுவே ஒரு கிரவுண்டுக் கம்பியை நுழைத்து 80 ஆக்கினார்கள். கனெக்டரில் பின் பழையபடி 40தான். அகலமும் கூடவில்லை, கம்பிதான் மெலிந்தது. விரல் நுனியால் தடவினாலே தெரியும்: பழையது வரிவரியாக இடறும், புதியது வழுவழுவென்று போகும். நிறமும் பேசும். நீலம் மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. நீல முனையில் 34-ஆம் பின்னை மட்டும் உள்ளேயே கிரவுண்டில் இணைத்திருப்பார்கள். மாட்டியிருப்பது எண்பது கம்பி என்று மதர்போர்டு அதை வைத்தே அறிந்துகொள்ளும். பழைய கேபிளாக இருந்தால் வேகத்தை 33-க்குக் குறைத்துக்கொள்ளும்.

இத்தனை கம்பியிலும் ஒரு சொட்டு ஈயம் கிடையாது. கனெக்டருக்குள் வரிசையாக நிற்கும் குட்டிக் குட்டிக் கவைகள், அழுத்தும்போது பிளாஸ்டிக் உறையைப் பிளந்து செம்பைக் கவ்விக்கொள்கின்றன. ஆகவே கழற்றும்போது பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பிடி தளர்ந்துபோகும். கனெக்டரைப் பிடித்து மெல்ல அசைத்தெடுக்க வேண்டும். மாட்டும்போது இரண்டு கட்டைவிரலையும் இரு முனையில் வைத்துச் சமமாக அழுத்துங்கள். ஒரு பக்கம் முந்தி இறங்கினால் பின் வளையும்.