ஓவியத்திற்கு மதிப்பெண்

கணக்கிற்கு விடை ஒன்று, ஓவியத்திற்கு அவ்வாறன்று. ஆகவே, மேல்நிலை மாணவரின் கலைத்திறனை அளப்பது கல்வியாளர்க்கு எளிய பணியன்று.

மாசாயை அடுத்த பாசிர் கூடாங்கில், 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டு, பள்ளிகள் மூடப்பட்டன. மாசாய் மாணவி ஒருத்தி எஸ்.டி.பி.எம். காட்சிக்கலைப் பாடத்திற்காக அவ்வாற்றை வரைவதாகக் கொள்க. கரையில் நின்று கிறுக்கிய கோடுகளிலும், வரைந்து கைவிட்ட வடிவங்களிலுமே அவள் சிந்தனை வளர்ந்த வழி தெரியும். முடிந்த படத்தை மட்டும் காண்பவர்க்கு அது புலப்படாது.

இதனை உணர்ந்தே போலும், அமெரிக்காவின் ஏ.பி. கலைத்தேர்வு 2019-20ஆம் கல்வியாண்டில் திருத்தப்பட்டது. தேர்ந்தெடுத்த 5 படைப்புகளுக்கு 40 விழுக்காடு; ஒரு வினாவைத் தொடர்ந்து ஆராய்ந்ததைக் காட்டும் 15 படங்களுக்கு 60 விழுக்காடு. போற்றத்தக்க மாற்றமே. ஆயினும், மாணவர் தம் ஆய்வை எழுத்திலும் விளக்கவேண்டும் என்பது அதன் விதி.

அம்முறையை இங்கே கைக்கொள்வோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டில் தமிழ் பேசித் தேர்வில் மலாய் எழுதும் மாணவிக்கு, தூரிகை சொன்னதைப் பேனா சொல்லத் தவறலாம். அப்போது குறைவது ஓவியத்தின் மதிப்பா, மொழியின் மதிப்பா? இரண்டையும் தனித்தனியே அளக்காதவரை, மதிப்பெண் கலைக்குரியதாகாது.