கைபேசிச் செயலியின் உட்பொதி தரவுத்தளமும் தமிழ் நூற்பதிப்பும்: அல் கூஸ் வாசகரை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ் நூல்கள் ஓலையிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து கணினித் திரைக்கும் வந்த வரலாறு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. கைபேசிச் செயலிக்குள் அவை அடைந்துள்ள வடிவம் அந்த அளவு திறனாய்வுக்கு உட்படவில்லை. அகராதி, திருக்குறள், சங்க இலக்கியம் முதலியவற்றைத் தரும் செயலிகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் திரையமைப்பையும் எழுத்துருவையும் விலையையுமே கருதுகின்றனர். ஆனால் நூல் உறைவது செயலிக்குள் பொதிந்துவைக்கப்பட்ட தரவுத்தளக் கோப்பில். எந்தச் சொல் தேடினால் கிடைக்கும், எது எதன்பின் வரும், எந்தப் பதிப்பின் பாடம் காட்டப்படும் என்பனவற்றை அக்கோப்பே முடிவுசெய்கிறது. இம்முடிவுகள் பதிப்பாசிரியருக்கு உரியவை. இன்று அவற்றைப் பல இடங்களில் எடுப்பது மென்பொருளின் இயல்பிருப்பு அமைப்பே என்பதும், ஆகவே செயலியின் தரவுத்தளம் ஒரு நூற்பதிப்பாகவே மதிப்பிடப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

அல் கூஸ் வாசகர்

துபாயில் ஷேக் சாயித் சாலைக்கும் அல் கைல் சாலைக்கும் இடையே அமைந்த தொழிற்பகுதி அல் கூஸ். கிடங்குகள், பட்டறைகள், அண்மைக்காலத்தில் பெருகிய ஓவியக்கூடங்கள் ஆகியவற்றோடு தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கு உள்ளன. அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து சென்றோரும் வாழ்கின்றனர். பலர் பகிர்ந்துகொள்ளும் அறையில் புத்தக அலமாரிக்கு இடமில்லை; தமிழ் நூலகம் நடந்துசெல்லும் தொலைவில் இல்லை. பணியிடத்திற்குச் செல்லும் பேருந்துப் பயணமும், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலில் வேலை செய்வோருக்குச் சட்டம் தரும் நண்பகல் 12.30 முதல் 3.00 மணி வரையிலான ஓய்வும், இரவில் உறங்குமுன் கிடைக்கும் சிறுபொழுதுமே வாசிப்புக்குரிய நேரம். கைபேசியே அவ்வாசகரின் ஒரே கணினி. இணையத் தரவுக்குச் செலவிடும் ஒவ்வொரு தொகையும் ஊருக்கு அனுப்பும் பணத்திலிருந்து கழிவது.

இணையம் எங்கும் பரவிவிட்ட காலத்தில் கைபேசிக்குள் நூலைப் பொதிந்துவைப்பது பழைய முறை என்பாரும் உளர். அல் கூஸ் வாசகரின் நிலை அக்கூற்றை மறுக்கிறது. வலையில் தேடுபவர்க்கு ஓரிடத்தில் கிடைக்காத சொல் வேறோரிடத்தில் கிடைக்கும். ஒரே கோப்பை நம்பியிருப்பவர்க்கு அக்கோப்பில் தேடிக் கிடைக்காத சொல், தமிழிலேயே இல்லாத சொல்லாகிவிடுகிறது.

எஸ்கியூலைட்டின் இயல்பு

இவ்வகைச் செயலிகள் பயன்படுத்தும் உட்பொதி தரவுத்தளம் பெரும்பாலும் எஸ்கியூலைட். ரிச்சர்டு ஹிப் 2000ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருட் பணியில், தரவுத்தள வழங்கி செயலற்றிருக்கும்போதும் நிரல் இயங்க வேண்டும் என்ற தேவையிலிருந்து இது பிறந்தது. தனி வழங்கி வேண்டாம். முழுத் தரவும் ஒரே கோப்பில் அடங்கும். உரிமக் கட்டணமும் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ஆகிய இரண்டிலும் அது முன்பே இடம்பெற்றுள்ளது. செயலியை ஆக்குபவர் கணினியில் கோப்பைத் தயாரித்து, செயலியோடு சேர்த்துக் கடையில் வெளியிடுகிறார். நிறுவிய பின் இணையமே தேவையில்லை. கடலில் தனித்திருக்கும் கப்பலுக்கென எண்ணப்பட்ட அமைப்பு அல் கூஸ் அறைக்கும் பொருந்துவது இயல்பே. பொருந்தாதது, அதன் இயல்பிருப்பு அமைப்புக்கும் தமிழ் எழுத்திலக்கணத்துக்கும் இடையிலான உறவு.

தேடலில் சிதையும் உயிர்மெய்

தமிழ் இலக்கண மரபில் மெய் புள்ளி பெற்று நிற்பது. அகரம் ஏறும்போது புள்ளி நீங்கும். ஒருங்குறியோ இஸ்கி குறியீட்டைப் பின்பற்றி அகரம் ஏறிய வடிவத்தையே அடிப்படை எழுத்தாகக் கொள்கிறது. புள்ளியும் உயிர்க்குறிகளும் அதன்பின் சேர்க்கப்படும் குறிகள். இவ்வேறுபாடு திரையில் தெரிவதில்லை. தேடலில் தெரிகிறது.

எஸ்கியூலைட்டின் முழுவுரைத் தேடல் அமைப்பான எஃப்டிஎஸ்5, உரையைச் சொற்களாகப் பிரிக்க யூனிகோடு61 என்னும் சொற்பிரிப்பியை இயல்பாகக் கொண்டுள்ளது. அது எழுத்து, எண் என வகைப்படுத்தப்பட்ட குறியெண்களையே சொல்லின் உறுப்பாக ஏற்கிறது. குறி என வகைப்படுத்தப்பட்டவற்றைச் சொற்களுக்கிடையிலான இடைவெளியாகக் கருதுகிறது. தமிழின் புள்ளியும் உயிர்க்குறிகளும் குறிகளே. ஆகவே ‘மீன்’ என்பது ‘ம’, ‘ன’ என இரு துண்டாகிறது. ‘மான்’, ‘முன்’ ஆகியவையும் அவ்வாறே ஆகின்றன. மானைத் தேடுபவர்க்கு மீனும் முன்னும் சேர்ந்தே வரும். ‘பொன்’, ‘பின்’, ‘பேன்’ மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். பிழைச்செய்தி ஏதும் தோன்றாது. ஏதோ சில விடைகள் வந்துகொண்டே இருக்கும். இக்குறை நீண்ட காலம் கவனிக்கப்படாமல் போவதற்கு இதுவே காரணம் எனலாம்.

தீர்வு கடினமன்று. எவ்வகைக் குறியெண்களை ஏற்பது என்று சொற்பிரிப்பிக்கு அறிவிக்க வழி உண்டு. ஆயினும் ஒருங்குறி குறிகளை இடம்கொள்வன, இடம்கொள்ளாதன எனப் பிரித்துள்ளது. தமிழில் ஈகாரக் குறியும் புள்ளியும் இரண்டாம் வகை. ஏனைய உயிர்க்குறிகள் முதல் வகை. முதல் வகையை மட்டும் சேர்த்தவர் ‘மான்’ ஓரளவு திருந்தியதைக் கண்டு நிறைவடைவார். ‘மீன்’ சிதைந்தே கிடக்கும். இரு வகையையும் சேர்த்தல் வேண்டும்.

மாற்று வழிகளும் குறையற்றவை அல்ல. பழைய எஃப்டிஎஸ்4 அமைப்பின் எளிய சொற்பிரிப்பி தமிழ்க் குறிகளைச் சிதைப்பதில்லை; ஆனால் ஆங்கில அடிப்படைக் குறியீட்டுக்கு அப்பாற்பட்ட அனைத்தையும் சொல்லின் உறுப்பாகக் கொள்வதால் வளைந்த மேற்கோட்குறியும் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் ‘அறம்’ அறத்தைத் தேடினால் அகப்படாது. 2020இல் வந்த மூவெழுத்துச் சொற்பிரிப்பி மும்மூன்று குறியெண்களாக அட்டவணையிடுகிறது. மூன்றிற்குக் குறைந்த தேடற்சொல்லுக்கு அதில் விடையில்லை. நன்னூல் கூறும் ஓரெழுத்து ஒருமொழிகள் 42. ஆ, தீ, கை, பூ என அவை ஒன்று அல்லது இரண்டு குறியெண்களில் முடிந்துவிடும். இலக்கணம் முழுச்சொல்லென ஏற்ற நாற்பத்திரண்டையும் இக்கருவி சொல்லென ஏற்பதில்லை.

இவற்றோடு ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒரே குறியெண்ணாகவும் இரு குறியெண்களின் சேர்க்கையாகவும் எழுத இயலும் என்பதும் கருதத்தக்கது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு வடிவங்களை எஸ்கியூலைட் வேறு வேறாகவே காணும். உரையைக் கோப்பில் ஏற்றும்போதும், வாசகர் தட்டச்சிடும் சொல்லைத் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது.

வரிசைமுறை

தமிழ் நெடுங்கணக்கு ற, ன ஆகியவற்றில் முடிவது. ஒருங்குறி அட்டவணையிலோ நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டுள்ளன. எஸ்கியூலைட்டின் இயல்பான ஒப்பீடு குறியெண் மதிப்பையே பார்க்கும். எனவே ‘மரம்’ என்பதற்குப் பின் வரவேண்டிய ‘மனம்’ முன்னே வந்துவிடுகிறது. ‘பலகை’க்கு முன் ‘பறவை’ அமர்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களை நெடுங்கணக்கு முறையில் அடுக்கியது. அத்தகைய அகராதியைச் செயலியாக்கி இயல்பிருப்பு வரிசையில் காட்டினால், அச்சுநூலில் விரலால் புரட்டிக் காணக்கூடிய சொல் செயலியில் எதிர்பாராத இடத்தில் ஒளிந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு கைபேசியின் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் வசதியைத் தருகிறது. அது வாசகர் தேர்ந்த மொழியோடு மாறுவது. கைபேசியை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்க்கும் தமிழ் வரிசை மாறாதிருக்க வேண்டுமெனில், ஒவ்வொரு சொல்லுக்கும் நெடுங்கணக்கின்படி கணக்கிட்ட வரிசைத்திறவு ஒன்றைத் தனி நெடுவரிசையில் சேமிப்பதே நம்பத்தக்க முறை.

மூலபாடமும் அட்டவணையும்

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல், ஒப்புநோக்கிய ஏடுகளையும் பாடவேறுபாடுகளையும் பதிவுசெய்வது தமிழ்ப் பதிப்பு நெறியாக வளர்ந்தது. மின்னூல் உலகிலும் அந்நெறி அறவே இல்லாமற் போகவில்லை. 1998இல் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உழைத்தவர்களைக் குறிப்பிடும் முகப்புப் பகுதியைச் சிதைக்காமல் வைத்திருப்பதையே கோப்பைப் பரப்புவதற்கான நிபந்தனையாகக் கொண்டது. தரவுத்தளத்தில் பாடல் ஒரு வரிசையாகிறது. முகப்புக்கோ எந்த வரிசையும் இல்லை. அதற்கென ஓர் அட்டவணை வகுக்கப்படாவிட்டால் பதிப்பு, ஆண்டு, மெய்ப்புப் பார்த்தவர் பெயர் அனைத்தும் உதிர்ந்துவிடும். இது தீய நோக்கால் நேர்வதன்று. அட்டவணையின் வடிவமே அதை வெளியே தள்ளுகிறது.

திருக்குறள் இதற்கு மேலும் நுட்பமான சான்று. 1330 குறள்களுக்கு 1330 வரிசைகள். குறள் எண்ணே திறவெண். உரைகள் தனித்தனி நெடுவரிசைகள் என்பது எவர்க்கும் முதலில் தோன்றும் அமைப்பு. ஆனால் இன்று வழங்கும் குறள் எண் பரிமேலழகர் வைப்புமுறையைச் சார்ந்தது. மணக்குடவர் அதிகாரத்துள் குறள்களை வேறு முறையில் வைத்து உரை கண்டவர். அவருரையை ஒரு நெடுவரிசையாகச் சேர்க்கும்போது சொற்கள் முழுமையாக வந்துசேரும். அவர் கண்ட கருத்துத் தொடர்ச்சி மட்டும் காணாமற்போகும். உரையாசிரியர்தோறும் வைப்புமுறைக்கென ஓர் அட்டவணை அமைத்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம். தரவுத்தள வடிவமைப்பு உரைமரபு பற்றிய ஒரு தீர்ப்பாகவும் அமைந்துவிடுவதை இச்சான்று காட்டுகிறது.

வெளியீடும் நிலைபேறும்

செயலியைக் கடையில் இடுவது நூலை அச்சிட்டு விடுவது போன்றதன்று. அது தொடர்ந்து பேணப்பட வேண்டியது. கூகுள் கடையில் கணக்கு தொடங்க ஒருமுறை 25 டாலர். ஆப்பிள் கடையில் ஆண்டுதோறும் 99 டாலர், உறுப்புரிமை காலாவதியானால் செயலி விற்பனையிலிருந்து நீங்கும். 2023 நவம்பர் 13க்குப் பின் கூகுளில் தனியாள் கணக்கு தொடங்கியவர், சோதனையாளர்களைத் திரட்டித் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்தினால்தான் வெளியிடலாம். அவ்வப்போது புதுப்பிக்கப்படாத செயலி, அது இலக்காகக் கொண்டதைவிடப் புதிய ஆண்ட்ராய்டு உள்ள கைபேசியில் புதிதாக நிறுவக் கிடைக்காது. ஆர்வத்தால் ஒருவர் ஆக்கிய தமிழ்ச் செயலி, அவர் ஓய்ந்ததும் மறைவது இதனாலேயே. நூலில் பிழை இல்லாதபோதும், அல் கூஸ் வாசகர் புதுக் கைபேசி வாங்கும் நாளில் தம் நூலகத்தை இழக்க நேரிடும்.

அவர் எழுதிவைத்த குறிப்புகளின் நிலை இன்னும் நொய்தானது. நூலும் குறிப்பும் ஒரே கோப்பில் இருந்தால், நூலின் புதிய பதிப்பை நிறுவும்போது பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்பட்டுக் குறிப்புகள் அழியக்கூடும். ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்புநகல் ஒரு செயலிக்கு 25 மெகாபைட் வரையே ஏற்கும். பெருநூல் அடங்கிய கோப்பு அவ்வரம்பைத் தாண்டினால் சில வரிக் குறிப்புகளும் காப்பிழக்கும். நூலுக்கு ஒரு கோப்பும் வாசகர் குறிப்புக்கு வேறொரு கோப்பும் வைத்து, முன்னதைக் காப்புநகலிலிருந்து விலக்கினால் இவ்விரு இடர்களும் நீங்கும்.

செயலியின் ஆயுள் குறுகியது. தரவுத்தளக் கோப்பின் ஆயுள் அவ்வாறன்று. எஸ்கியூலைட்டை ஆக்கியோர் 2050ஆம் ஆண்டு வரை அதனைப் பேணுவதாக அறிவித்துள்ளனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத்தொகுப்புகளைச் சேமிக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களுள் அதுவும் ஒன்று. எனவே செயலியோடு அக்கோப்பையும் தனியே வெளியிட்டு நூலகங்களில் வைப்பது, ஏட்டைக் கறையானிடமிருந்து காத்த பணிக்கு இணையானது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் தமிழ் நூற்செயலியை மதிப்பிடும் திறனாய்வாளர் கேட்கவேண்டிய வினாக்கள் தெளிவாகின்றன. மானைத் தேடினால் மான் மட்டும் வருகிறதா? ஓரெழுத்து ஒருமொழி கிடைக்கிறதா? மரத்தின் பின் மனம் நிற்கிறதா? எப்பதிப்பின் பாடம், யார் மெய்ப்புப் பார்த்தது என்பது கோப்பிலேயே உள்ளதா? உரையாசிரியரின் வைப்புமுறை காக்கப்பட்டுள்ளதா? வாசகர் குறிப்பு நூலிலிருந்து பிரித்து வைக்கப்பட்டுள்ளதா? செயலி மறைந்தாலும் கோப்பு எங்கேனும் கிடைக்குமா? இவற்றுள் முதல் மூன்றைக் கைபேசியைக் கையில் எடுத்துச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம், நிரலறிவு தேவையில்லை. ஏனையவற்றுக்கு விடையளிப்பது செயலியாளரின் கடமை. அவ்விடைகளைக் கேட்டுப் பெறுவதும், பெற்ற கோப்புகளைத் தொகுத்துப் பேணுவதும் தமிழாய்வு நிறுவனங்களும் நூலகங்களும் மேற்கொள்ளத்தக்க பணி. அதன் முதற்பயன் நூலகமில்லாத ஊரில் ஒரு கோப்பை மட்டும் நம்பி வாசிப்பவர்க்கே சேரும்.