ஐந்தாம் வகை நீரிழிவு: பெயரும் சான்றும்

நோய்க்குப் பெயரிடுதல் எளிய செயலன்று. பெயர் தவறினால் மருந்தும் தவறும். பெயரே இல்லாவிடின் நோயாளி மருத்துவர் கணக்கில் இடம்பெறான். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாங்காக் நகரிற் கூடிய அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு, 'ஐந்தாம் வகை நீரிழிவு' என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. இளமையிற் போதிய ஊட்டமின்றி வளர்ந்து, மெலிந்த உடலினராய் இருப்போர்க்கு வரும் நீரிழிவு இது என்பர். இக்கொள்கைக்குத் துணைநிற்கும் முதன்மையான ஆராய்ச்சி தமிழ்நாட்டு வேலூரில் நிகழ்ந்தது என்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மகிழ்ச்சி வேறு, சீர்தூக்கல் வேறு.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1955இல் ஜமெய்க்காத் தீவில் 215 நீரிழிவு நோயாளரை ஆராய்ந்த பிலிப் ஹியூ ஜோன்ஸ் என்னும் மருத்துவர், அவருள் 13 பேர் அன்றறிந்த இரு வகையுள் எதிலும் அடங்காமையைக் கண்டார். முதல் வகையிற் கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. இரண்டாம் வகையிற் சுரந்த இன்சுலினுக்கு உடல் இணங்குவதில்லை. இப்பதின்மூவரோ இளையோர், மெலிந்தோர். 1985இல் உலகச் சுகாதார நிறுவனம் 'ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு' என ஒரு பிரிவை வகுத்தது. 1999இல் ஊட்டக்குறைவே நேராக நீரிழிவை விளைவிக்கும் என்பதற்குச் சான்று போதாது என்று கூறி அதனை நீக்கியது. கொடுத்த பெயரைப் பறித்து, கால் நூற்றாண்டின் பின் வேறொரு பெயர் கொடுக்கிறார்கள். இடையில் என்ன புதுச் சான்று கிடைத்தது என்று கேட்பது நம் கடமை.

கிடைத்தது 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நிஹால் தாமஸ் குழுவினரும், நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸ் குழுவினரும் இணைந்து 73 பேரை ஆராய்ந்தனர். மெலிந்த நோயாளர் 20, முதல் வகையினர் 15, இரண்டாம் வகையினர் 13, நோயில்லாதார் 25. இன்சுலினையும் குளுக்கோஸையும் அளந்து குருதியிற் செலுத்தி, கல்லீரலும் தசையும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று நுணுகிக் கண்டனர். மெலிந்தோர்க்கு இன்சுலின் சுரப்பு மிகக் குறைவு. ஆனால் முதல் வகையினர் அளவுக்கு இல்லாமற் போகவில்லை. சுரந்த இன்சுலினுக்கு அவர்தம் உடல், இரண்டாம் வகையினர் உடலைவிட நன்கு இணங்கியது. கல்லீரலிற் கொழுப்பும் குறைவு. ஆகவே இவர்கள் தனியொரு கூட்டத்தார் என்பது முடிபு.

இதன் நன்மை பெரிது. இன்சுலினுக்கு எளிதில் இணங்கும் உடலில், இளைஞன் என்பதனால் முதல் வகையென்று எண்ணி மிகுதியாக இன்சுலின் செலுத்தினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். அடுப்பில் உணவில்லாத வீட்டில் அது உயிருக்கே இறுதியாகலாம். 'இனிப்புத் தின்றான், நோய் வந்தது' என்று ஊரார் பழிக்கும் வழக்கத்துக்கும் இவ்வாய்வு நல்ல மறுப்பு.

இனிக் குறைகளைக் கூறுவோம். முதலாவது, அவ்விருபதின்மரும் ஆடவர். அனைவரும் 19 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர். நம் குடும்பங்களில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் பெண். பசியால் வரும் நோயை ஆராய்கையில் பெண்ணை விட்டுவிடுதல் சிறு குறையன்று. இருபது பேரைக் கண்டு ஒரு நுட்பத்தை அறியலாம். உலகில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டு எனப் பரப்பப்படும் மதிப்பீட்டை அவ்விருபதின் மேல் நிறுத்தல் ஆகாது.

இரண்டாவது, ஜமெய்க்காவிற் கண்டவர்க்கு மிகுதியான இன்சுலின் வேண்டியிருந்தது. வேலூரிற் கண்டவர் உடலோ இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது. இருவரும் ஒரே நோயினரா? இதற்கு விடை காணாமல் இரண்டையும் ஒரே வரலாறாகப் பேசுவது பொருந்தாது.

மூன்றாவதே தலையாயது. அளக்கப்பட்டது வளர்ந்தோர் உடல். குழந்தைப் பருவத்துப் பசி அன்று. மெலிவும் நோயும் ஒருங்கே இருப்பதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. கேரளத்தில் ஏழை இளைஞரின் கணையத்திற் கற்கள் தோன்றி வந்த நீரிழிவுக்கு மரவள்ளிக்கிழங்கின் நஞ்சே காரணம் என 1979இல் ஒரு கொள்கை எழுந்தது. மரவள்ளியை அறியாத ஊர்களிலும் அந்நோய் காணப்பட்டது. மரவள்ளியே உணவான ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் அது மிகுந்திருக்கவில்லை. கொள்கை தளர்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அக்கிழங்கை உண்டு உயிர்காத்த தோட்ட மக்களின் வழிவந்த நமக்கு இப்பாடம் நினைவிலிருத்தல் நன்று.

காரணம் காணும் வழி வேறு. நெதர்லாந்தில் 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் தாய் வயிற்றிலிருந்தோர், ஐம்பது வயதளவில் சர்க்கரையைத் தாங்கும் ஆற்றல் குறைந்திருந்ததை 1998இல் நிறுவினர். பிறந்தநாள் எடைக்குறிப்பை மருத்துவமனை காத்து வைத்ததனால் அது கைகூடியது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுத் தேசிய நல்வாழ்வுக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கும், இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினர்க்கும் நீரிழிவு உண்டு எனக் கண்டது. இவருட் பெரும்பாலார் இரண்டாம் வகையினர். புதுப் பெயரைக் கேட்டு, 'நம் நோய் பாட்டன் பசியால் வந்தது. உணவைக் குறைத்தும் நடந்தும் பயனென்ன' என்று எவரும் ஓய்ந்துவிடலாகாது. சென்னையில் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் வாயிலில் நின்றோருள் உணவும் நடையும் திருத்தியவர்க்கு நோய் வருவது நூற்றுக்கு 28 பங்களவு குறைந்தது.

ஆகவே, வேலூர் ஆய்வு நல்ல வினா, முடிந்த விடையன்று. தோட்டப் பள்ளிகளில் நாம் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து எழுதுகிறோம். பின் ஏடு பரணுக்குப் போகிறது. அவ்வேட்டை முப்பதாண்டு காத்து, அப்பிள்ளையின் மருத்துவக் குறிப்போடு ஒப்பிடும் நாள் வருமாயின், பசிக்கும் நோய்க்கும் உள்ள உறவை நம் மக்களின் கணக்கே தெளிவாக்கும்.