விருந்துக் கூடமும் மக்கள் அவையும்: லக்கானின் வாசிப்பு குறித்துச் சில கருத்துகள்

உளப்பகுப்பாய்வுக் கோட்பாட்டை இலக்கியத்தோடு பொருத்திக் காட்டும் கட்டுரைகள் பல காதலோடு நின்றுவிடுகின்றன. அரசியலுக்கும் அது செல்லுமா என்பதை, லக்கான் விரும்பிக் கற்பித்த பிளேட்டோவின் 'சிம்போசியம்' கொண்டே நாம் காண முற்படுகிறோம்.

நூலின் களம், அகத்தானின் நாடக வெற்றியை ஒட்டிக் கி.மு. 416இல் நடந்த விருந்து. காதல் தெய்வத்தை அறுவர் புகழ்ந்து முடித்தபின், மதுமயக்கத்தோடு நுழையும் அல்சிபியாடீஸ், தெய்வத்தை விடுத்துச் சாக்ரடீசைப் புகழ்கிறான். அவன் கூறும் உவமை சைலீனஸ் பொம்மை: வெளியே அழகற்ற உருவம், திறந்தால் உள்ளே தெய்வப் படிமங்கள். இப்படிமத்தைக் குறிக்கும் 'அகல்மா' என்னும் கிரேக்கச் சொல்லை, லக்கான் 1960-61ஆம் ஆண்டுக் கருத்தரங்கில் தம் ஆய்வின் மையமாக்கினார். விரும்பப்படுபவருள் ஒளிந்திருப்பதாக விரும்புபவர் நம்பும் அரும்பொருளே வேட்கையை இயக்குகின்றது என்பது அவர் கொள்கை. சாக்ரடீசோ, தம்முள் அப்படி ஒன்றும் இல்லாமலிருக்கலாம் என்று விலகுகிறார். பகுப்பாய்வாளர் ஏற்க வேண்டிய நிலையும் இதுவே என லக்கான் காண்கிறார்.

நுட்பமான வாசிப்புத்தான். ஆயினும் அல்சிபியாடீஸ் காதலன் மட்டும் அல்லன். மறு ஆண்டே சிசிலிப் படையெடுப்புக்கு ஏதென்சைத் தூண்டி, அதன் மூன்று தளபதிகளுள் ஒருவனாகச் சென்றவன். அத்தீவின் பரப்பைக்கூடப் பெரும்பாலோர் அறிந்திலர் என எழுதும் துசிடிடீஸ், கடல்கடக்க அவர்கள் கொண்ட துடிப்பை 'எரோஸ்' என்றே குறிக்கின்றார். விருந்தில் புகழப்பட்ட தெய்வத்தின் பெயரும் அதுவே. அகம், புறம் என வகுத்துப் பாடம் நடத்தும் நமக்கு, ஒரே சொல் இரண்டிலும் நிற்கும் இவ்விடம் வியப்பளிக்கக்கூடும்.

கி.மு. 413இல் படை அழிந்தது. அதற்கு முன்பே அவன் பகைநாடான ஸ்பார்ட்டாவைச் சேர்ந்துவிட்டான். இருந்தும், கி.மு. 405இல் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் 'தவளைகள்' நாடகத்தில், நகரம் அவனுக்காக ஏங்குகிறது, அவனை வெறுக்கிறது, ஆனாலும் அவன் வேண்டும் என்கிறது எனப் பேசப்படுகின்றது.

சாக்ரடீசிடம் அவன் தேடியதை நகரம் அவனிடம் தேடியது எனலாம். அவன் அதை மறுக்கவில்லை. மறுக்கும் தலைவர் அரியர். சாக்ரடீசை விட்டு அகன்றதும் மக்கள் தரும் மதிப்புக்கு ஆட்பட்டுவிடுவதாக விருந்திலேயே அவன் ஒப்புக்கொள்கிறான். அவன் வரலாற்றை லக்கான் பேசாமலில்லை. எனினும் அவரது நாட்டம் பகுப்பாய்வு உறவின் மீதே நிற்பதால், இவ்வொப்புதல் உரிய எடை பெறவில்லை என்பதே நம் கருத்து. பகுப்பாய்வு அறையில் விலகி நிற்க ஒருவர் இருக்கிறார். ஏதென்சில் அவ்விடத்தில் நின்ற சாக்ரடீசுக்கு, கி.மு. 399இல் மக்கள் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.