பேயாக்கப்பட்டவள்

பேறுகாணாமல் இறந்த கர்ப்பிணிக்கு நம் முன்னோர் சுமைதாங்கிக் கல் நாட்டினர். வழிப்போக்கன் தன் தலைச்சுமையை அதில் இறக்கினால் அவள் வயிற்றுச்சுமையும் இறங்குமென்பது நம்பிக்கை. இந்தோனேசியத் தீவுகளிலும் மலாயாவிலும் அவளே பேய். குந்திலானாக் என்பர், பொந்தியானாக் என்பர். இங்கே தெரணியகலையில் நம் சிங்கள அயலார்க்கு அவள் போதிலிமா. மருத்துவச்சியின் கை எட்டாத ஊர்களில் இப்பேய் உலவியது வியப்பன்று.

1957இல் சிங்கப்பூரின் கதே-கெரிஸ் நிறுவனம் ‘பொந்தியானாக்’கைத் திரைக்குக் கொணர்ந்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து சென்ற பி. என். ராவ், நாயகி இந்தோனேசியாவில் பிறந்த மரியா மெனாடோ. படச்சுருள் அழிந்துபோயிற்று, எஞ்சிய கதைக்குறிப்பைக் கொண்டே பேசுகிறேன். கூனியான சோமெல் மந்திர மருந்துண்டு அழகியாகிறாள். இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது விதி. பாம்பு தீண்டிய கணவனைக் காக்க நஞ்சை உறிஞ்சுகிறாள், பேயாகிவிடுகிறாள்!

மகப்பேற்று மரணம் எங்கே போயிற்று? அழகாசை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது; பழியும் அவள்மீதே விழுந்தது. ஆயினும் கணவனைக் காத்த செயலே அவளைக் கெடுக்கும் அந்த இடம் நெஞ்சைத் தைக்கிறது. வசூலுக்காக எடுத்த படத்திலும் ஓர் உண்மை நுழைந்துவிட்டது போலும்.

நாட்டார் கதையும் குற்றமற்றதன்று. பேயின் பிடரியில் ஆணி அறைந்தால் அவள் அடக்கமான மனைவியாவாளாம்! படமுதலாளிக்கு இது எவ்வளவு வசதி!

எங்கள் லயத்துக் கிழவிகள் பேய்க்கதையை அப்படித் தொடங்குவதில்லை. எந்தத் தோட்டம், எந்தக் காம்பரா, எத்தனையாவது பிரசவம் என்றே தொடங்குவர். அவள் அழகியா என்று ஒருவரும் கேட்பதில்லை.