புட்டியில் அடைத்த ஊர்: பிரிட்டிஷ் நாக்கின் ஏக்கம் பற்றிச் சில குறிப்புகள்

சாப்பாட்டைப் பற்றி எழுதுவது வாரப் பத்திரிகைகளின் சமையல் குறிப்புப் பக்கத்துக்கு உரிய வேலை என்று நம்மிடையே ஒரு நினைப்பு இருக்கிறது. பிரதியைப் பற்றிப் பேசலாம், உடலைப் பற்றிப் பேசலாம். நாக்கைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் இளக்காரம். ஆனால் ஒரு சமூகம் தன்னை என்னவாகக் கற்பனை செய்துகொள்கிறது என்பதை அதன் தேசிய கீதத்தைவிட, எது கிடைக்காமல் அது தவிக்கிறது என்பதே துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டனைவிட்டுக் கிளம்பி ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் குடியேறியவர்கள் 'இங்கே கிடைக்கவில்லையே' என்று அடுக்கும் தின்பண்டங்களின் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசித்துப் பார்க்கலாம்.

யாரைக் கேட்டாலும் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது. ஒழுங்கான டீ. அதில் நனைத்துத் தின்ன டைஜெஸ்டிவ் பிஸ்கட். மார்மைட். காட்பரி டெய்ரி மில்க். ஹெச்.பி. சாஸ். ஹைன்ஸ் பேக்டு பீன்ஸ். பேர்ட்ஸ் கஸ்டர்ட் பவுடர். பிஸ்டோ. பன்றிக்கறி அடைத்த போர்க் பை. படித்தவுடனே ஒன்று உறைக்கும். இதில் வீட்டில் சமைத்த பண்டம் என்று சொல்லும்படி அதிகமில்லை. முக்கால்வாசி கம்பெனிப் பெயர்கள். நம்மூர்க்காரன் ஒருவன் துபாயில் உட்கார்ந்துகொண்டு மீன்குழம்பை நினைக்கிறான் என்றால் அதற்குள் ஒரு அம்மாவோ ஆத்தாவோ மண்சட்டியோ இருக்கும் (அந்த அம்மாவின் முதுகொடிந்த உழைப்பை மறைத்துத்தான் 'கைமணம்' என்கிற புனிதம் கட்டப்படுகிறது என்பது தனியாகப் பேசவேண்டிய விஷயம்). பெர்த்தில் இருக்கும் ஆங்கிலேயர் நினைத்துக்கொள்வது ஒரு லேபிளை, மூடியின் நிறத்தை.

இதைக் கேலி செய்வது சுலபம். வெள்ளைக்காரனுக்குச் சாப்பிடவே தெரியாது என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். அந்தச் சிரிப்பில் வர்க்கம் காணாமல் போய்விடும் என்பதுதான் சிக்கல். பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் தின்றவை. ஊர்ப் பொது நிலங்களுக்கு வேலி விழுந்து, மாடும் காய்கறிக் கொல்லையும் கைவிட்டுப் போய், பன்னிரண்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வந்த பெண்ணுக்கு அடுப்பு மூட்ட நேரமும் கிடையாது, விறகுக்குக் காசும் கிடையாது. சர்க்கரை போட்ட சூடான டீயும் ரொட்டியும் அங்கேதான் உணவாயின. சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட சர்க்கரை பற்றிய ஆய்வு இதை விரிவாகப் பேசுகிறது: கரிபியன் தோட்டத்தில் அடிமையின் உழைப்பைப் பிழிந்து எடுத்த சர்க்கரை, ஆங்கிலேயத் தொழிலாளியின் உழைப்பை மலிவாக வாங்கக் கலோரியாகிறது. பேர்ட் என்ற பர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரர் 1837இல் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோள மாவில் செய்த பதிலி, பின்னால் கஸ்டர்ட் என்ற பெயரையே தனதாக்கிக்கொண்டது. பீன்ஸ் அமெரிக்கக் கம்பெனியுடையது. 1886இல் லண்டனின் பணக்காரக் கடையான ஃபோர்ட்னம் அண்டு மேசனில் ஆடம்பரச் சரக்காக நுழைந்து, பிறகு ஏழையின் ராச்சாப்பாடானது. ஆக, ஆலை முதலில் சமையலறையைப் பிடுங்கிக்கொண்டது. பின்பு டப்பாவில் அடைத்துத் திருப்பி விற்றது. அந்த டப்பாவுக்காகத்தான் இன்று கடல் கடந்து ஏங்குகிறார்கள். அந்த ஏக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. எதற்காக ஏங்குகிறோம் என்பது ஏங்குபவருக்கே மறைக்கப்பட்டிருக்கிறது என்கிறேன்.

இந்த ஏக்கத்துக்கு நம் சென்னையிலேயே ஒரு பழைய ஆவணம் உண்டு. 1878இல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற நூல். எழுதியவர் சென்னை ராணுவத்தில் அதிகாரியாயிருந்த கென்னி-ஹெர்பர்ட். வைவர்ன் என்பது புனைபெயர். அன்றைய மெட்ராஸ் துரைமார் வீட்டு விருந்தென்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த தகரடப்பா மீனும் டப்பாப் பட்டாணியும் மேசைக்கு வந்தாக வேண்டும்; அதுதான் கௌரவம். மெரினாவுக்கு எதிரே கட்டுமரத்தில் துள்ளத் துள்ள வந்து இறங்கும் மீன் மட்டம். வைவர்ன் இந்த டப்பா மோகத்தைச் சாடினார் என்பது உண்மை. ஆனால் அவர் சாடியது ருசிக்காகத்தான். டப்பா செய்த வேறொரு வேலை அவர் கவனத்துக்கு வரவில்லை. ஆள்பவனுக்கும் ஆளப்படுபவனுக்கும் நடுவே மேசைமேல் ஒரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது. டப்பா அந்தக் கோடு. ஊர் ஏக்கம் என்று நாம் மென்மையாகச் சொல்லும் உணர்வு ஆட்சி நிர்வாகத்தின் ஓர் உத்தியாகவும் இருந்திருக்கிறது.

சரி, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் போட்ட தேயிலை. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து அந்த மலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போனவர்களின் கதையையும், 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியதையும் இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று பிரிட்டனின் தேநீர்ப் பையில் அதிகம் இருப்பது கென்யாத் தேயிலை. அங்கும் கெரிச்சோ மலைகளில் கிப்சிகிஸ், தலாய் மக்களை விரட்டிவிட்ட நிலத்தில் எழுந்த தோட்டங்கள் இருக்கின்றன. ஜமைக்காவிலிருந்து 1951இல் படிக்க வந்த ஸ்டூவர்ட் ஹால், ஆங்கில அடையாளத்தின் சின்னமான அந்தத் தேநீருக்குள்ளேயே தம்மைப் போன்றவர்களின் வரலாறும் கரைந்துகிடக்கிறது என்று பேசினார். 'நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்' என்ற கேள்விக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

சாக்லேட்டின் கதை இன்னும் சங்கடமானது. காட்பரி குடும்பம் குவேக்கர்கள், மதுவுக்கு எதிரிகள், தொழிலாளிகளுக்காக போர்ன்வில்லில் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொடுத்தவர்கள். போர்த்துக்கீசியரின் சாவோ தோமே தீவில் தங்கள் கோக்கோ அடிமை உழைப்பில் விளைகிறது என்ற சேதி 1901இலேயே வில்லியம் காட்பரிக்குத் தெரியும். வாங்குவதை நிறுத்தியது 1909இல். நடுவில் எட்டு வருஷம் விசாரணை, கடிதம், தூது என்று போனது. இதைச் சுட்டி எழுதிய 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகைமேல் கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டு 1909 டிசம்பரில் ஜெயித்தது. ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. தீர்ப்பு எழுதுவதில் அந்த ஜூரிக்கு இருந்த எள்ளல் நமது விமர்சகர்களில் பலருக்கு வாய்க்கவில்லை. டெய்ரி மில்க் அறிமுகமான வருஷம் 1905 என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் 'சுரண்டல்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது என்பதற்கு மார்மைட் இருக்கிறது. பர்ட்டன் ஆன் ட்ரென்ட் நகரத்தில் பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட் கசடிலிருந்து 1902 முதல் செய்யப்படும் கறுப்பு நிறக் களிம்பு. உப்பும் கசப்புமாக இருக்கும். சின்ன வயதிலிருந்து தின்னாதவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. வெளிநாட்டில் இருக்கும் பிரிட்டிஷார் பெட்டியில் துணிக்குள் சுற்றி எடுத்துப்போகும் முதல் சாமான் பெரும்பாலும் இதுதான். 'எங்களுக்கு மட்டுமே பிடிக்கும்' என்பதில் ஒரு இன அடையாளப் பெருமிதம் இருக்கிறது.

அந்த 'மட்டுமே'வை உடைக்கிற கதை பம்பாயில் நடந்தது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே வந்தார். மில் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகள் ஒருவகைக் கடும் ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன தின்கிறார்கள் என்று வில்ஸ் பார்க்க ஆரம்பித்தார். காய், பழம், பால் எதுவும் சரியாகக் கிடையாது. இடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய வேலை தொடர்ந்தது. சோதனைக் குரங்குகளுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார், தேறின. பெண்களுக்குக் கொடுத்தார், பிழைத்தார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. ஈஸ்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத சத்தை 'வில்ஸ் காரணி' என்றார்கள். 1941இல் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் கையில் கொடுக்கும் மாத்திரைக்கு மூலம் அதுதான்.

கோஷா ஆஸ்பத்திரி என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். அதன் முழுப்பெயரில் 'சாதி' என்ற சொல்லும் இருந்தது. சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா முஸ்லிம் பெண்களுக்கும் என்று திருவல்லிக்கேணியில் கட்டப்பட்டது. இப்போது அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. மார்மைட்டின் பெருமைமிகு சரித்திரத்தைச் சொல்பவர்கள் முதல் உலகப்போரில் சிப்பாய்களின் ரேஷனில் அது இருந்ததைச் சொல்வார்கள், சில சமயம் வில்ஸையும் சொல்வார்கள். யார் உடம்பில் அந்த உண்மை கண்டுபிடிக்கப்பட்டதோ அந்தப் பெண்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். வில்ஸைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் உயிர்களைக் காப்பாற்றினார். கேள்வி வேறு. பசியால் ரத்தம் வற்றிப்போன பெண்ணுக்குக் காலனியாட்சி சாப்பாடு தரவில்லை, பீர்க் கசடின் சாறு தந்தது. அதுவும் வேலை செய்தது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதுகிற உரைநடை இன்னும் நம்மிடம் கைகூடவில்லை.

இனி இதன் மறுபக்கம். வெளிநாட்டில் குடியேறிய பிரிட்டிஷ்காரர் தன்னைக் குடியேறி என்று சொல்லிக்கொள்வது அபூர்வம், அவர் 'எக்ஸ்பேட்'. அவர் பீன்ஸ் டப்பா தேடி அலைந்தால் பாசம், வெகுளித்தனம், சிரித்து ரசிக்க வேண்டிய விஷயம். பிரிட்டனுக்குள் குடியேறியவர் தன் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் 'ஒட்டமாட்டேன் என்கிறார்கள்'. கென்ட் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகள் வைத்திருந்த ஒருவர், குழம்பு வாடை போகாது என்று காரணம் சொல்லி இந்திய, பாகிஸ்தானியக் குடித்தனக்காரர்களுக்கு வாடகைக்கு விடாதே என்று தன் ஏஜெண்டுக்கு எழுதினார். 2017இல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. அதே நாட்டில் 2001இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாதான் உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்று பேசியிருந்தார். உணவை எடுத்துக்கொள்ளலாம், சமைத்தவருக்கு மட்டும் வீடு கிடையாது. (சைவக் குடித்தனம் மட்டும் என்று போர்டு தொங்கும் நம் தெருக்களில் நின்றுகொண்டு இதை ரொம்பவும் சத்தமாகச் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

எல்லைகள் இப்போது அந்த 'எக்ஸ்பேட்'டின் பெட்டியையும் திறந்து பார்க்க ஆரம்பித்திருக்கின்றன. 2011இல் டென்மார்க்கில் மார்மைட் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. வைட்டமின் சேர்த்த உணவுக்கு முன் அனுமதி வாங்கவில்லை என்பது காரணம். அமெரிக்காவில் காட்பரி உரிமத்தை வைத்திருக்கும் ஹெர்ஷி, பிரிட்டனில் செய்த டெய்ரி மில்க்கை அங்கே கொண்டுவந்து விற்ற இறக்குமதியாளர்களை 2015இல் நிறுத்தச் செய்தது. 2021 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய கையோடு, ஹாலந்து துறைமுகத்தில் இறங்கிய பிரிட்டிஷ் லாரி ஓட்டுநர்களின் ஹாம் சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் பிடுங்கிவைத்ததை டெலிவிஷனில் காட்டினார்கள். கறியும் பாலும் எல்லை தாண்டக்கூடாது. ஒரு ஓட்டுநர், ரொட்டியையாவது வைத்துக்கொள்ளலாமா என்கிற மாதிரி கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. பார்த்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு. ஆனால் பிடுங்கப்பட்டது சாயங்காலம் வரைக்கும் வண்டி ஓட்ட வேண்டிய ஒரு தொழிலாளியின் மதியச் சாப்பாடு. வெளியேறும் கொள்கையை வகுத்தவர்களின் மேசையில் எதுவும் குறையவில்லை.

கடைசியாக ஹெச்.பி. சாஸ். நாட்டிங்ஹாம் மளிகைக்காரர் கார்ட்டன் 1895இல் பதிவுசெய்த பெயர். லேபிளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் படம். பல பத்தாண்டுகள் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் தயாரானது. 2005இல் ஹைன்ஸ் வாங்கியது. 2007இல் ஆஸ்டன் ஆலையை மூடி, நூற்றுக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உற்பத்தியை நெதர்லாந்தின் எல்ஸ்ட் நகரத்துக்குக் கொண்டுபோனது. நாடாளுமன்றப் படம் அப்படியே இருக்கிறது. ஸ்பெயின் கடற்கரையில் ஓய்வுகாலம் கழிக்கும் ஒருவர் ஊர் நினைப்பில் அந்தப் புட்டியைக் கையில் எடுத்தால், பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானங்கள் அச்சிட்டிருக்கும். தக்காளி, காடி, வெல்லப்பாகு, பேரீச்சை என்று போய், கடைசிப் பக்கமாகப் புளி.